‘ஆராம்’ தமிழா? ஆற அமர ஒரு பதில்

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் உங்கள் அடுக்ககத்தில் பெரியவர்கள் மாலையில் உட்கார ஒரு கூரை போட்ட மூலை கட்டியிருக்கிறீர்கள். செலவில் பெரும்பகுதியைத் தமிழ்க் குடும்பங்கள் ஏற்றுக்கொண்டதால் பெயர் வைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. ‘ஆராம்’ என்று வைக்கலாம் என்றார் ஒருவர். அது இந்திச் சொல்லாயிற்றே என்றார் இன்னொருவர். உடனே மூன்றாமவர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைக் காட்டியிருக்கிறார்: ‘ஆற அமர’ என்ற தமிழ்த்தொடர்தான் சுருங்கி ‘ஆராம்’ ஆகி வடக்கே போனதாம். இது உண்மையா, இல்லையென்றால் ஓய்வுக்கு நம்முடைய சொல் எது என்பது கேள்வி. பெயர்ப்பலகைக்கு ஒரு சொல் கேட்பதுபோல் இருந்தாலும், நாம் தினமும் சொல்லும் இளைப்பாறு, ஓய்வு என்பவையெல்லாம் எங்கிருந்து முளைத்தன என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குச் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பெங்களூருவில் கல்லூரி மாணவர்களுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவன். தமிழ் இலக்கணமும் பழைய உரைகளும் என் தொழில். கன்னடம் இந்த ஊரில் வாழ்ந்து கற்றது. பாரசீகமும் சமஸ்கிருதமும் எனக்கு அகராதி வழியாக மட்டுமே பழக்கம். ஆகவே தமிழ்ப் பக்கம் நான் அழுத்திச் சொல்வதை நம்பலாம். மற்றவற்றில் அந்தந்த மொழி அறிஞர்கள் ஒத்துக்கொண்டதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை: இல்லை. ‘ஆராம்’ பாரசீகச் சொல். அங்கே அதற்கு அமைதி, ஓய்வு, நிம்மதி என்று பொருள். ஈரானியக் கிளையின் மிகப் பழைய நூல்களான அவெஸ்தாவிலேயே இதன் உறவுச்சொல் அமைதி என்ற பொருளில் இருக்கிறது. சமஸ்கிருதத்தின் ‘ரம்’ என்ற வேரும் இதற்கு உடன்பிறப்பு. வேதகாலத்தில் அந்த வேருக்கு நிற்பது, நிலைகொள்வது என்ற பொருள் இருந்தது. பிறகுதான் மகிழ்வது என்ற பொருள் மேலோங்கியது. விராமம், ரம்மியம் எல்லாம் அந்தக் குடும்பம். தமிழ் அகராதிகளில் சோலை என்ற பொருளில் கிடக்கும் ‘ஆராமம்’ என்ற வடசொல்லும் அதுவே. பௌத்தத் துறவிகள் தங்கிய தோப்புகள் ஆராமம் ஆனதும், அனுராதபுரத்தில் தூபாராமம் என்று ஒரு தூபி நிற்பதும் அந்த வழியில்தான். ஆகவே ‘ஆராம்’ இந்திச் சொல் என்று சொன்னவர் பாதி சரி. இந்திக்கும் அது வந்த சரக்குதான்.

கன்னடத்துக்குள் அது எப்படிப் புகுந்தது என்பதிலும் பெரிய மர்மம் இல்லை. பாமினி சுல்தான்கள், பிஜாப்பூர் அடில் ஷாகிகள், பிறகு ஹைதர் அலியும் திப்புவும் என்று தக்காணத்தின் ஆட்சிகளில் பாரசீகம் அலுவலக மொழியாகப் புழங்கியது. பெங்களூருவே 1638-இல் பிஜாப்பூர் படையிடம் விழுந்து சிவாஜியின் தந்தை ஷாஜியின் கைக்குப் போன ஊர். கச்சேரி, அர்ஜி, ரஜெ என்று கன்னடத்தில் இன்றும் ஓடும் சொற்களோடு ஆராமும் வந்து உட்கார்ந்தது. வட கர்நாடகத்துக்காரர் உங்களைப் பார்த்தவுடன் ‘ஆராம் அதீரி?’ என்றால் தூங்கினீர்களா என்று கேட்கவில்லை, சௌக்கியமா என்று கேட்கிறார். இத்தனை வருஷம் புழங்கிய சொல்லை அந்நியம் என்று தள்ளுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நம்முடையது இல்லை என்பது வேறு, ஆகாது என்பது வேறு.

வாட்ஸ்அப் செய்தி ஏன் நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதேபோல் நாளைக்கு இன்னொன்று வரும். ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவு ஆகிவிடாது. ‘ஆற அமர’ சேர்ந்தால் தமிழில் ‘ஆறவமர’ என்று நீளுமே தவிர, நடுவே இருக்கும் எழுத்துகள் கழன்று ‘ஆராம்’ என்று குறுகுவதற்கு எந்த விதியும் இல்லை. அப்படிக் குறுகிய இன்னொரு தொடரையும் காட்ட முடியாது. அதைவிட முக்கியம், சொல் நடந்துவந்த பாதை. தமிழில் பிறந்து வடக்கே போன சொல்லென்றால் வழியில் தடயம் விட்டிருக்க வேண்டும். மலையாளத்தில், பழந்தமிழில், நம் கிராமத்துப் பேச்சில் எங்காவது ‘ஆராம்’ கிடைக்க வேண்டும். கிடைப்பதெல்லாம் பாரசீகம், உருது, இந்தி, மராத்தி, கன்னடம் என்று வடமேற்கிலிருந்து கீழே இறங்கும் வரிசை. தமிழ்நாட்டில் உருது பேசும் வீடுகளைத் தாண்டி அது உள்ளே வரவே இல்லை.

ஆனால் அந்தச் செய்தியை எழுதிய புண்ணியவான் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். ‘ஆறு’ என்ற வினையைக் கையில் எடுத்திருக்கிறார். அது தங்கமான சொல். அதன் முழு அருமை எனக்குப் புத்தகத்தில் தெரியவில்லை, ஸ்ரீராம்புரத்தில் ஒரு மொட்டைமாடியில் தெரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே மாடி அறை ஒன்றில் குடியிருந்தேன். ஜூலை மாதம். பெங்களூரு மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டவும் கொட்டாது, விடவும் விடாது, நாளெல்லாம் தூறிக்கொண்டே இருக்கும். கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா கொடியில் தொங்கிய என் வேட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘பட்டெ இன்னூ ஆரில்ல’ என்றார். பட்டெ துணி என்று எனக்குத் தெரியும். துணி இன்னும் ஆறவில்லை? துணி என்ன காபியா ஆறுவதற்கு என்று விழித்தேன். அடுத்த வாரமே அவர் ஒரு லோட்டாவில் காபி கொடுத்துவிட்டு, நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, ‘காபி ஆரிஹோகுத்தெ, குடீரி’ என்றார். அப்போதுதான் உறைத்தது. கன்னடத்தில் துணியும் ஆறும், காபியும் ஆறும், விளக்கும் ஆறும். சூடு போனால் ஆறுதல், ஈரம் போனால் ஆறுதல், சுடர் போனாலும் ஆறுதல். தெலுங்கிலும் அப்படியே, துணியை ‘ஆரேயி’ என்றால் காயப்போடு, தீபம் ‘ஆரிப்போயிந்தி’ என்றால் அணைந்துவிட்டது.

நாம் மட்டும் ஈரத்தை விட்டுவிட்டோம் என்று அன்று நினைத்தேன். ஊருக்குப் போனபோது அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்த தங்கையிடம், ‘வெயில்ல நின்னு தலைய ஆத்திக்கோ’ என்றார். நூறு தடவை கேட்ட வாக்கியம்தான். ஈரத்தலையை ஆற்றுவது என்றால் உலர்த்துவது. கன்னடத்து அம்மா தொட்டுப் பார்த்த என் வேட்டியும் என் தங்கையின் கூந்தலும் ஒரே வினையில் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர்த் தாகத்துக்குக் கன்னடத்தில் ‘பாயாரிகெ’ என்பார்கள். முதல் எழுத்தைப் ‘பாட்டி’யின் பா போல வேண்டாம், ‘பாத்ரூம்’ பா போல ஒலியுங்கள். பாய் என்றால் வாய். வாய் உலர்ந்துபோவதுதான் தாகம். அதையே எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால் ‘வாயாறுதல்’ என்று வந்து, வாய்க்கு ஏதோ ஆறுதல் கிடைத்தது மாதிரி ஆகிவிடும். உறவுக்காரச் சொற்கள் இப்படித்தான் ஆளை ஏமாற்றும்.

‘ஆரு’ என்று கன்னடர் சொல்வதை நான் ‘ஆறு’ என்று எழுதுவது என் இஷ்டத்துக்கு இல்லை. பழைய கன்னடத்தில் றகரத்துக்குத் தனி எழுத்து இருந்தது. பிறகு ரகரத்தோடு கலந்துவிட்டது. எம்.ஜி. ரோட்டில் சிலையாக நிற்கிறாரே கிட்டல் என்ற ஜெர்மன் பாதிரியார், அவருடைய 1894-ஆம் ஆண்டுக் கன்னட அகராதி பழைய எழுத்தை விடாமல் காட்டும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகியவற்றின் இந்த ஆறுகளை ஒரே வேரில்தான் சேர்க்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தமிழில் அந்த வினை போகாத இடம் இல்லை. ‘ஆறுவது சினம்’ என்று குழந்தையில் படித்தோம். புண் ஆறுகிறது. தீயினால் சுட்ட புண் உள்ளாறும் என்று வள்ளுவர் சொன்னது 129-ஆம் குறள். டீக்கடைக்காரர் ஒரு கையை உயர்த்தி ஒரு கையைத் தாழ்த்தி டீ ஆற்றுகிறார். பிரச்சினையை ஆறப்போடுகிறோம். செத்த வீட்டில் போய் ஆறுதல் சொல்கிறோம். இத்தனைக்கும் அடியில் இருப்பது சூடு தணிவது ஒன்றுதான். நதியாகிய ஆறும், வழி என்ற பொருளில் ஆற்றுப்படையில் வரும் ஆறும், எண்ணாகிய ஆறும் வேறு வேறு சொற்கள். ‘ஆற்றங்கரையில் உட்கார்ந்து களைப்பைப் போக்கியதால் இளைப்பாறுதல்’ என்று பட்டிமன்றத்தில் ஒருவர் அடித்துவிட்டதைக் கேட்டிருக்கிறேன். கைதட்டலும் கிடைத்தது. கேட்க இனிமை, அவ்வளவுதான்.

இளைப்பாறு என்பதன் கட்டுமானம் எளிது. இளைப்பு ஆறுகிறது. பசி ஆறினால் பசியாறுதல். மலேசியாவில் இன்றும் காலையில் ‘பசியாறியாச்சா’ என்றுதான் கேட்பார்கள். களைப்பு ஆறினால் களைப்பாறுதல். இந்த வரிசையில் முன்னால் நிற்பது எதுவானாலும் அது உடம்பில் ஒரு சூடாக இருந்தது, பிறகு தணிந்தது என்பது நினைப்பு. கன்னடத்தில் இதே அச்சில் ‘தணிவாரிஸு’ என்று ஒரு சொல் உண்டு. அங்கே தணிவு என்றால் களைப்பு. களைப்பை ஆறச் செய்வது, அதாவது நம் இளைப்பாற்று. இதை வள்ளலாரைவிட அழகாக யாரும் விளக்கிவிட முடியாது. ‘கோடையிலே இளைப்பாற்றிக் கொள்ளும்வகை கிடைத்த குளிர்தருவே தருநிழலே’ என்கிறார். கோடை, குளிர்ச்சி, மரம், நிழல் எல்லாவற்றையும் அந்த ஒரு வினையைச் சுற்றி நிறுத்தியிருக்கிறார் பாருங்கள். நாற்காலியும் மெத்தையும் இல்லாமலே அங்கே இளைப்பாறுதல் நடந்துவிடுகிறது. வெப்ப நாட்டுக்காரர்களின் சொல் இது. வெயிலில் வந்தவனுக்கு முதலில் வேண்டியது நிழல், படுக்கை அப்புறம்.

சரி, இளைப்பு? இங்கேதான் விஷயம் சுவாரசியம். இளைப்பது என்றால் மெலிவது. ‘பிள்ளை இளைச்சுப் போயிட்டானே’ என்று பாட்டி சொல்வது அதுதான். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்கிறோம். மாடியேறி வந்து மேல்மூச்சு வாங்கினால் அதுவும் இளைப்பு. உடம்பு சுருங்குவதற்கும் மூச்சு திணறுவதற்கும் களைப்புக்கும் ஒரே சொல். ஆகவே ஓய்வைச் சொல்லவந்த சொல்லின் முன்பாதி முழுக்க முழுக்கக் கஷ்டத்தைப் பற்றியது.

இது இளைப்பாறுக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று முதலில் எண்ணியிருந்தேன். ‘ஓய்வு’ என்பதைத் துருவியபோது அங்கேயும் அதே கதை. தொல்காப்பியத்தில் உரியியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தக் காலத்திலேயே விளக்கம் தேவைப்பட்ட சொற்களுக்குப் பொருள் சொல்வது அதன் வேலை. அதில் ஒரு நூற்பா: ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்.’ ஏற்கெனவே இருந்த ஒன்று தன் முன்னைய அளவிலிருந்து நுணுகிப்போவது, தேய்ந்து சிறுத்துப்போவது, அதற்கு இந்த நான்கு சொற்களும் என்கிறார். ஓய்தலுக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் கலித்தொகையில் வரும் ‘வேனில் உழந்த வறிது உயங்கு ஓய்களிறு’. கோடையில் அடிபட்டு, வாடி, வற்றிப்போன ஆண்யானை. தோல் தொங்கி, கானல்நீரை நிஜநீர் என்று பார்த்து ஏங்கும் யானை. ஓய்வெடுக்கும் யானை இல்லை அது, ஓய்ந்துபோன யானை. நற்றிணையில் ‘ஓய்பசிச் செந்நாய்’ வருகிறது. பசியால் ஒட்டிப்போன காட்டு நாய். ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சாய்ந்திருக்கும் நம் ஓய்வுக்கும் அந்த நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். நம் பேச்சைக் கவனியுங்கள். ‘மூணு நாளா அலைஞ்சு ஓஞ்சு போயிட்டேன்’ என்கிறோமே, அது தொல்காப்பியர் சொன்ன ஓய்தல்தான், சேதாரம் இல்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது. எழுதும்போது ஓய்வு சுகம், பேசும்போது ஓய்ந்துபோவது துன்பம். இரண்டுக்கும் நடுவில் ‘மழை ஓய்ந்தது’ நிற்கிறது: தேய்ந்து தேய்ந்து நின்றுபோவது.

அந்த நூற்பாவின் நான்காவது சொல்லைப் பார்த்தீர்களா? சாய். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ‘செத்த சாஞ்சுக்கறேன்’ என்று கட்டிலுக்குப் போகிறோமே, அந்தச் சாய்தல் இதனோடு ஒட்டியதுதான் என்பது என் எண்ணம். நிமிர்ந்து நிற்பதற்கு வலுவில்லாமல் போவது சாய்வது. இன்னும் ஒன்று, அசதி. களைப்பு என்று பொருள். ‘கொஞ்சம் அசந்துட்டேன், பஸ் ஸ்டாப் தாண்டிடுச்சு’ என்று மெஜஸ்டிக் போகவேண்டியவர் சொன்னால் தூங்கிவிட்டார் என்று பொருள். சங்கப் பாட்டில் ‘அசைஇ’ என்று வந்தால் தங்கி, இளைப்பாறி என்று உரை சொல்வார்கள். அதே அசைதலுக்கு வருந்துதல், தளர்தல் என்ற பொருளும் அங்கே உண்டு. கண்ணயர்தலில் இருக்கும் அயர்வும் சோர்வே. இளைப்பு, ஓய்வு, சாய்வு, அசதி, அயர்வு என்று எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து வருவது களைத்த ஆள். தமிழன் ஓய்வைத் தனியாகப் பார்த்துப் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. உழைப்பில் தேய்ந்த உடம்பைப் பார்த்து வைத்த பெயர்கள் பிறகு ஓய்வுக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எனக்கு இதில் சொல்ல இருப்பது இதுதான், மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

வடமொழியும் இதில் நமக்குத் துணை. விச்ராந்தி என்பதில் இருப்பது ‘ச்ரம்’, களைத்துப்போவது, பாடுபடுவது. நாம் சிரமம் என்பது அதைத்தான். அந்தச் சிரமம் விலகினால் விச்ராந்தி. பழைய ஆட்கள் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு ‘சிரமபரிகாரம் பண்ணிக்கோங்கோ’ என்று பாயும் தலையணையும் காட்டுவார்கள். சாப்பிட்டதற்கு என்ன சிரமம் என்று சிரிக்காதீர்கள். சொல்லின் அமைப்பில் அதற்கும் இளைப்பாறுக்கும் வித்தியாசமே இல்லை: களைப்பைச் சொல், பிறகு அதைக் கழி.

எங்கே தரை கெட்டியாக இல்லை என்பதையும் காட்டிவிடுகிறேன். இளைத்தல், இளமை இரண்டும் ஒரே வேரா? மெல்லியது, வலுக்குறைந்தது என்ற பொருளில் கன்றுக்கும் நோயாளிக்கும் ஒரே வேர் பொருந்தும் என்று சொல்பவர்கள் உண்டு. பொருந்தும் என்பதற்கும் நடந்தது என்பதற்கும் தூரம் அதிகம். நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் ஊகம் என்ற முத்திரை குத்தித்தான் சொல்வேன். அடுத்தது, ஓய்தலில் தேய்வது முந்தியா, நிற்பது முந்தியா? தேய்ந்து நிற்பது என்று நான் மேலே ஏணிபோல் அடுக்கியது பொருளை வைத்துச் செய்த கணிப்பு. நமக்குக் கிடைக்கும் பழைய நூல்களிலேயே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ‘ஒல்லும் வகையான் அறவினை ஓவாதே’ என்ற 33-ஆம் குறளில் ஓவாதே என்றால் இடைவிடாமல், நிற்காமல். ஓவு, ஓய் இரண்டும் ஒரு தாய் மக்கள் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. யார் மூத்தவர் என்று அடித்துச் சொல்ல எழுத்துச் சான்று போதாது. கன்னடத்தில் களைப்பாகிய தணிவும், தமிழில் சூடு குறைவதாகிய தணிவும் ஒன்றா என்பதும் இப்படித்தான். பொருள் ஏறக்குறைய எதிர்த்திசையில் இருக்கிறது. பார்த்தவுடன் முடிச்சுப் போடவேண்டாம்.

நாம் ஓய்வு பெறுகிறோம், இலங்கைத் தமிழர் இளைப்பாறுகிறார்கள். அங்கே ‘இளைப்பாறிய அதிபர்’ என்றால் பணி முடிந்து வீட்டுக்குப் போன தலைமையாசிரியர். ‘இளைப்பாற்றுச் சம்பளம்’ என்றால் பென்ஷன். நான் பணி முடித்த மாதம் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், ‘இளைப்பாறிவிட்டீர்களாமே, வாழ்த்துகள்’ என்று எழுதினார். மாடியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்று அதைப் படித்தேன். எந்த இளைப்பைச் சொல்கிறார் என்று ஒரு நொடி தடுமாறினேன். கிறிஸ்தவ வேதாகமத் தமிழில் இரண்டு சொற்களும் வேலை பிரித்துக்கொண்டு நிற்பது இன்னும் அழகு. பாரம் சுமப்பவர்களைப் பார்த்து ‘நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்’ என்கிறது மத்தேயு 11:28. படைப்பை முடித்த ஏழாம் நாளைச் சொல்லும்போது ‘ஓய்ந்திருந்தார்’ என்கிறது, அந்த நாள் ஓய்வுநாள். எபிரேயத்தில் அந்த நாளின் பெயருக்கு அடிப்படை, வேலையை நிறுத்துவது என்ற வினை. கடவுள் களைத்துப்போனார் என்று வராமல், வேலை ஓய்ந்தது என்று மட்டும் வருமாறு மொழிபெயர்த்தவர்கள் சொல்லைத் தேர்ந்திருக்கிறார்கள். சுமைக்கு இளைப்பாறுதல், வேலைக்கு ஓய்வு. நாம் அந்த வேறுபாட்டை இப்போது பேச்சில் காப்பாற்றுவதில்லை. ‘ரெஸ்ட் எடு’ என்ற ஒன்றில் எல்லாம் அடங்கிவிட்டது. ‘ஓய்வெடு’ என்பதும் அந்த ரெஸ்ட்டைப் பார்த்துப் போட்ட பிரதிபோல்தான் எனக்குப் படுகிறது. தமிழில் ஓய்வு எடுக்கும் பொருள் இல்லை, ஓய்வது.

இந்த ஊரில் இருப்பதால் கிடைக்கும் இன்னொரு லாபம், சுற்றுமுற்றும் நம் சொற்களே வேறு சட்டை போட்டு நிற்பது. நேரமில்லை என்பதற்குக் கன்னடர் ‘பிடுவில்ல’ என்பார். பிடுவு நம் விடுவு, விடுப்பும் விடுமுறையும் பிறந்த அதே விடு. மலையாளத்தில் விடுமுறைக் காலம் ‘ஒழிவுகாலம்’; நமக்கு ஒழிவு என்றால் கொஞ்சம் பயம். பஸ் நிற்கும் நிழற்குடையில் ‘பிரயாணிகர தங்குதாண’ என்று கன்னடத்தில் எழுதியிருக்கும். தங்கு நம் தங்குதான், தாண என்பது ஸ்தானம், இடம். அந்தப் பலகையைத் தினம் கடக்கும் தமிழர் பலர் அதில் பாதி தமிழ் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை.

இனி உங்கள் பலகை. ‘ஆராம்’ வைத்தால் குற்றம் ஒன்றுமில்லை, எல்லோருக்கும் புரியும். தமிழ் என்று சொல்லி மட்டும் வைக்காதீர்கள். ‘ஓய்விடம்’ என்பது அரசாங்க விடுதிபோல் இருக்கிறது. ‘இளைப்பாறு’ நல்ல சொல், எழுபது வயதுக்காரர்கள் தங்களைக் குத்திக் காட்டுவதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தால். என் தேர்வு, அந்த வாட்ஸ்அப் செய்தியிலேயே இருக்கிறது: ‘ஆற அமர’. பெயராகவும் இருக்கும், அழைப்பாகவும் இருக்கும். மேலே கன்னடத்தில் ‘கட்டெ’ என்று ஒரு வார்த்தை போடுங்கள். அரசமரத்தடி மேடையை அரளிக்கட்டெ என்று அழைத்துப் பழகியவர்கள் அவர்கள். என்ன இடம் என்று கேட்காமலே வந்து உட்காருவார்கள்.

பலகை எழுதுபவரிடம் பெரிய ‘ற’ என்று சொல்லிவிடுங்கள். ‘ஆர அமர’ என்று சின்ன ரகரத்தில் எழுதுவோரும் இருக்கிறார்கள். வயிறார, மனமார என்பதில் வரும் ‘ஆர’ அது, நிறைவாக என்று பொருள் சொல்லலாம். நான் சூடு தணிந்து உட்காருவதன் பக்கம். ஆனால் அவர் மறந்து ‘ர’ போட்டுவிட்டால் அழித்து எழுதச் சொல்லிக் கூடுதல் கூலி கொடுக்கவேண்டாம். நிறைய நேரம் உட்காரட்டும்.